டோக்கன் கொடுக்காமல் ஊர் திரும்ப முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 33, கணவருக்கு 37. சென்னை ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஜூன் முதல் அவருக்குக் கோவை சரவணம்பட்டிக்கு மாற்றல். அவர் சம்பளம் பிடித்தம் போக 78,000 ரூபாய், எனக்கு 36,000. நான் தனியார் பள்ளி ஆசிரியை. மே மாதத்தோடு வேலையை விட வேண்டும். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு மூன்று முறை கோவைக்குப் போய் வீடு பார்த்தோம். வடவள்ளியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்காரர்தான் காரில் கூட்டிப்போய்க் காட்டுகிறார். பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு 20,000, வடவள்ளியில் ஒரு பழைய ஃபிளாட்டுக்கு 50,000, கடைசியாகச் சரவணம்பட்டி பக்கம் இனிமேல் கட்டப்போகும் 68 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 2 லட்சம் என்று டோக்கன் கொடுத்திருக்கிறோம். 9 லட்சம் டெபாசிட்டை உடைக்க மனமில்லாமல், இதற்காக 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்தோம் (14 சதவீதம், 3 வருடம்). முதல் இரண்டு வீடும் ஒத்துவரவில்லை, பணமும் திரும்பவில்லை. வாடகைக்கு என்றால் அந்தப் பக்கம் 16,000 ரூபாயில் கிடைக்கிறது. வரும் சனிக்கிழமை போகும்போது ஃபிளாட்டுக்கு 10 லட்சம் கட்டச் சொல்கிறார்கள். வீட்டை ஒப்படைக்கும் வரை இஎம்ஐயை பில்டரே கட்டுவாராம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை பக்கத்தில் இருக்கிறது.

வாடகையா சொந்த வீடா, வீட்டுக் கடனுக்கு எந்த வங்கி என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட அதிகமாகவே அலசியிருப்பீர்கள். உங்கள் பிரச்சினை அது இல்லை. ஒவ்வொரு முறை ஊர் பார்க்கப் போகும்போதும் யாரிடமாவது பணம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறீர்கள். மூன்று பயணம், மூன்று டோக்கன். முன்பெல்லாம் டோக்கன் என்றால் வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய். மனசு மாறினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இப்போது போனை நீட்டி ஸ்கேன் செய்தால் 50,000 போய்விடுகிறது, கை உறுத்துவதே இல்லை.

போனது எவ்வளவு என்று பாருங்கள். முதல் இரண்டு டோக்கன் 70,000. ரயில், தங்கல், சாப்பாடு என்று ஒரு பயணத்துக்கு 12,000 வைத்தால் மூன்றுக்கு 36,000. ஆக 1,06,000 ரூபாய். நீங்களே சொல்லும் 16,000 ரூபாய் வீட்டில் ஆறரை மாதம் குடியிருந்திருக்கலாம். கடனுக்கு மாதத் தவணை 10,250 வரும். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 69,000. பக்கத்திலேயே ஏழு சதவீதத்துக்கு டெபாசிட் தூங்குகிறது. அதை உடைக்க மனமில்லை என்கிறீர்கள், பதினாலு சதவீதத்துக்குக் கடன் வாங்க மட்டும் மனம் வந்ததா?

இனி அந்த 68 லட்சம். வங்கி 80 சதவீதம் தரும் என்று வைத்துக்கொண்டால் கடன் 54.4 லட்சம். மீதி 13.6 லட்சம் உங்கள் கைப்பணம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 3.4 லட்சம். பதிவுக்கு 5 லட்சத்தை ஒட்டி வையுங்கள். கப்போர்டு, கிரில், ஃபேன் என்று 4 லட்சமாவது ஆகும். மொத்தம் 26 லட்சம். உங்களிடம் 9 இருக்கிறது, டோக்கனாகக் கொடுத்தது 2. மிச்சம் 15 லட்சம் எங்கிருந்து வரும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நகைதான் என்றால் அதையும் எழுதியிருக்கலாம்.

20 வருடம், எட்டரை சதவீதம் என்றால் இஎம்ஐ 47,200 ஆகும். பர்சனல் லோன் 10,250. இரண்டும் சேர்ந்து 57,450. ஜூனில் உங்கள் வீட்டு வருமானம் 78,000 மட்டும்தான். மீதி 20,550. கட்டி முடியும்வரை வாடகை 16,000 கொடுத்தால் கையில் நிற்பது 4,550. மகள் ஸ்கூல் ஃபீஸை இதில் எங்கே சொருகுவீர்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளத்தில் முக்கால் பங்கு தவணைக்கே போகிறவருக்கு எந்த வங்கியும் சுலபத்தில் கடன் தராது. உங்கள் 36,000ஐயும் சேர்த்துக் காட்டச் சொல்வார்கள். மே மாதத்தில் விடப்போகும் வேலையின் சம்பளச் சீட்டை வைத்து அதைச் செய்யாதீர்கள். லோன் கிடைக்காமல் போனால் கட்டிய 10 லட்சத்தைத் திருப்பி வாங்க அலைய வேண்டியிருக்கும். 50,000 வாங்கவே உங்களால் முடியவில்லை.

பில்டர் இஎம்ஐ கட்டுவார் என்பதற்கு வருகிறேன். இந்த மாதிரி சலுகை அறிவிப்புகளைப் பார்த்தாலே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. கடன் உங்கள் பெயரில். அவர் நடுவில் நிறுத்தினால் வங்கி உங்களைத்தான் தேடும், சிபில் ஸ்கோர் உங்களுடையதுதான் இறங்கும். வீட்டுக் கடன் நிறுவனங்கள் இப்படிப்பட்ட திட்டங்களைத் தவிர்க்க வேண்டும் என்று தேசிய வீட்டுவசதி வங்கி 2019-லேயே சொல்லிவிட்டது. ‘இனிமேல் கட்டப்போகும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் இருக்கிறதா? எட்டு வீட்டுக்கு மேல் கட்டுகிற திட்டம் என்றால் பதிவு செய்யாமல் புக்கிங் பணம் வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் ஒப்பந்தத்தைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் 10 சதவீதம் 6.8 லட்சம். அவர்கள் கேட்பது, ஏற்கெனவே கொடுத்ததோடு சேர்த்து 12 லட்சம்.

ஆகவே இந்த வாரமே 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்டு இமெயில் போடுங்கள், போனில் பேசாதீர்கள். பணம் கம்பெனிக் கணக்குக்குப் போனதா, விற்பனை ஆள் ஒருவரின் சொந்தக் கணக்குக்கா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். தராவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வடவள்ளி 50,000-க்கும் எழுத்தில் கேளுங்கள். பாதி வந்தாலும் லாபம். அந்த வீட்டுக்கு வில்லங்கம் பார்த்தீர்களா? பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பீளமேடு 20,000-ஐ மறந்துவிடுங்கள்.

டெபாசிட்டை உடைத்து பர்சனல் லோனை அடைத்துவிடுங்கள். முன்கூட்டி அடைக்க 3, 4 சதவீதம் கேட்கலாம், சில வங்கிகள் முதல் சில தவணை கட்டும்வரை விடாது, விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியும் 6 லட்சம் நிற்கும். அதில் வாடகை அட்வான்ஸ், சாமான் ஏற்றும் லாரி போக மிச்சத்தைத் தொடாதீர்கள். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் பேரம் பேசுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். 78,000-ல் வாடகை போனால் 62,000. மூன்று பேர் நன்றாகவே இருக்கலாம்.

நான்காவது பயணம் போங்கள், ஆனால் சனி ஞாயிறில் வேண்டாம். நானே ஒருமுறை திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில்தான் எதிரே ஸ்கூல் வேன்கள் வரிசை கட்டும் என்று தெரிந்தது. வியாழன் வெள்ளியில் போய், காலை ஒன்பது மணிக்கு வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டிக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தினமும் யார் அலைவது என்று புரியும். கோவையில் எல்லா ஏரியாவுக்கும் சிறுவாணித் தண்ணீர் வராது. எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல. ரயில் ஈரோடு தாண்டும்வரை யாருக்கும் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

நாத்தனார் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். தங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நீங்கள் வந்துவிட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கலாம், அதில் தப்பில்லை. கமிஷன் ஏதும் வருகிறதா என்று கேட்டுவிடுவதிலும் தப்பில்லை. ஆனால் பேச வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். “மாமா, வீடு காட்டுங்க, பணத்தை நான் ஊருக்குப் போய்த்தான் பேசுவேன்” என்று காரில் ஏறும்போதே சொல்லிவிடட்டும். இறங்கும்போது சொன்னால் எடுபடாது.

கோவையில் உங்களுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம் ஆன பிறகு மறுபடி எழுதுங்கள். அப்போது 68 அல்ல, 45 லட்சத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.