தொழிலாளி வீட்டிலிருந்து வந்து மேயரானவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

ஜார்ஜ் லான்ஸ்பரி. கிழக்கு லண்டனில் பாப்லர் என்கிற துறைமுகப் பேட்டைக்கு 1919இல் மேயரானவர். நான் குடியிருப்பது மேனர் பார்க். மீன் வாங்க அவ்வப்போது பாப்லரிலிருக்கும் கிறிஸ்ப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போவேன். சந்தையைச் சுற்றியிருக்கும் குடியிருப்புக்கு லான்ஸ்பரி எஸ்டேட் என்று பெயர். யாரோ பிரபு போலிருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரபுவெல்லாம் இல்லை. அப்பாவுக்கு ரயில்பாதை போடுகிற இடத்தில் வேலை. இவருக்குப் பள்ளிக்கூடம் 14 வயதோடு சரி. ரயில்வேக்கு நிலக்கரி ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் எடுத்துச் செய்தார். 1884இல் மனைவி, குழந்தைகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, பிரிஸ்பேனில் கல் உடைத்தார், கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தார். அடுத்த வருடமே போதும்டா சாமி என்று திரும்பி, மாமனாரின் மர அறுவை மில்லில் சேர்ந்தார். ஆஸ்திரேலியா போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏழைகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிராக மேடையேறிப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

1890களில், ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் வொர்க்ஹவுஸை மேற்பார்க்கும் குழுவுக்குத் தேர்வானார். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதிவைத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாடு ஓட்ஸ் கஞ்சி. அதில் கறுப்பாக ஏதோ மிதந்தது. பார்த்தால் எலிப் புழுக்கை. பொறுப்பிலிருந்த அம்மாள், "நல்ல கஞ்சிதான்" என்று சாதித்தாராம். இவர் ஒரு கிண்ணத்தில் எடுத்து நீட்டி, ஒரே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்கள், தப்பு என்மேல்தான் என்று ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஐயையோ, இது எனக்கானதில்லையே என்றாராம் அந்த அம்மாள். இவர் போட்ட சத்தத்தில் டாக்டர் முதல் எல்லோரும் ஓடிவந்து, கஞ்சிக்குப் பதில் கோக்கோவும் ரொட்டியும் கொடுத்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

1919 தேர்தலில் பாப்லரின் 42 இடங்களில் 39 தொழிற்கட்சிக்கு. கப்பல் சரக்கு இறக்குபவர், ரயில்வே ஊழியர், தபால்காரர் எல்லாம் கவுன்சிலர்கள். மேயர் லான்ஸ்பரி. அடுத்த வருடமே நகராட்சி ஊழியர்களுக்கு வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சச் சம்பளம் என்று தீர்மானித்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை.

அப்புறம் வந்தது வீட்டுவரிச் சிக்கல். அந்தந்தப் பேட்டை தன் ஏழைகளுக்கான நிவாரணத்தைத் தன் வரியிலிருந்தே கொடுக்க வேண்டும். வேலையில்லாதவர்கள் குவிந்து கிடந்தது பாப்லரில். வாடகை மதிப்பு குறைவு என்பதால், அதே வரி விகிதத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் வசூலாவதில் சிறு பங்குதான் இங்கே தேறும். ஆக, ஏழைகளைத் தாங்க ஏழைகளே அதிக விகிதத்தில் வரி கட்ட வேண்டும். இது போதாதென்று, லண்டன் முழுவதற்குமான லண்டன் கவுன்ட்டி கவுன்சில், போலீஸ் போன்ற பொது அமைப்புகளுக்கும் இவர்களே வசூலித்துக் கொடுக்க வேண்டும். 1921இல் அந்தப் பங்கை வசூலிக்கவே மாட்டோம் என்று கைவிரித்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அப்போது மேயர் லான்ஸ்பரி இல்லை. அவருக்கு அடுத்து வந்த சாம் மார்ச். அவரும் ஒருகாலத்தில் குதிரைவண்டி ஓட்டியவர்தான். அப்போது இங்கே மேயர் பதவி ஒரு வருடத்துக்குத்தான். வழக்குக்கு அழைப்பு வந்ததும், வாத்தியம் முழங்க, செங்கோல் ஏந்தியவர் முன்னே செல்ல, பாப்லரிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக நடந்தே போனார்கள். கோர்ட் சொல்லியும் கட்ட மறுத்ததால், செப்டம்பரில் 30 கவுன்சிலர்கள் உள்ளே. ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், ஐந்து பெண்கள் ஹாலோவேயில். லான்ஸ்பரி சிறைக் கம்பிக்குள்ளிருந்து, வெளியே நின்ற கூட்டத்திடம் பேசுவார். நகராட்சிக் கூட்டம் சிறைக்குள்ளேயே நடந்தது. ஹாலோவேயிலிருந்து பெண்களைக் காரில் அழைத்துவந்தார்கள்.

கட்சிக்குள்ளேயே, லண்டன் தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் மாரிசன் போன்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சட்டத்தை மீறுபவர்கள் நாளை எப்படி ஆள்வது என்பது அவர்கள் கவலை. அதுவும் நியாயமான கவலைதான். ஆனால் ஆறு வாரத்தில் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டு, அந்த வருடமே நிவாரணச் சுமையைப் பணக்காரப் பேட்டைகளும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

லான்ஸ்பரி பிறகு அமைச்சரானார், 1932 முதல் 35 வரை கட்சித் தலைவராகவும் இருந்தார். அவர் மருமகள் மின்னி, சிறை சென்ற ஐந்து பெண்களில் ஒருவர், 1922 புத்தாண்டு அன்று நிமோனியாவில் இறந்துபோனார். வயது 32. எங்கள் பக்கத்திலிருந்து 25ஆம் நம்பர் பஸ்ஸில் போனால், போ ரோட்டில் ஒரு கட்டடச் சுவரில் அவர் பெயரில் ஒரு கடிகாரம் இருக்கும்.