ராபின் ஹூட் தொடர்பான இடங்களைப் பார்க்க நாட்டிங்ஹாமில் ஒரு நாள் போதுமா?

நாட்டிங்ஹாம் மட்டும்தான் என்றால் ஒரு நாள் தாராளம். காலையில் கோட்டைக்கு வெளியே இருக்கும் வெண்கலச் சிலை, மத்தியானம் ஷெர்வுட் காடு. முதல் தடவை வருகிறீர்கள், லண்டனிலிருந்து டூர் பஸ் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ராபின் ஹூட் என்றாலே நாட்டிங்ஹாம் என்று எல்லோரும் முடித்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நான் பல வருடமாக நாட்டிங்ஹாமுக்கு வடக்கே யார்க்‌ஷரில், டான்காஸ்டர் பக்கம் இருக்கிறேன். அதனால் ஊர்ப்பாசத்தில் பேசுகிறேன் என்பீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ராபின் ஹூட் பாடல்களிலேயே நீளமானது 1500ஐ ஒட்டி அச்சானது. அதில் அவர் மரத்தில் சாய்ந்து நிற்கும் இடம் பார்ன்ஸ்டேல். டான்காஸ்டருக்கு வடக்கே, இன்றைய ஏ1 நெடுஞ்சாலை ஓடும் பகுதி. வழிப்போக்கரைப் பார்த்துவர அவர் ஆளனுப்பும் 'செயில்ஸ்' மேடும் அங்கேதான், வென்ட்பிரிட்ஜ் கிராமத்தருகே. 1422ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே பார்ன்ஸ்டேலில் அவர் பெயரில் ஒரு கல் இருந்தது பதிவாகியிருக்கிறது. கதையில் அவருக்கு எதிரியாக வரும் அதிகாரி, அந்த ஷெரீஃப், நாட்டிங்ஹாம்காரர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஷெர்வுட்டைச் சொல்லும் பழம்பாடலும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்று சாதிக்கவும் வரவில்லை. பார்ன்ஸ்டேலை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

2019 கோடையில் மதுரையிலிருந்து அப்பா வந்திருந்தார். சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் எங்களுக்கு ராபின் ஹூட் கதை சொன்னவர் அவர்தான். ஆசையாக ஒரு டூர் பஸ்ஸில் ஷெர்வுட் கூட்டிப்போனேன். எட்வின்ஸ்டோவ் ஊருக்குப் பக்கத்தில் 'மேஜர் ஓக்' என்ற பிரம்மாண்டமான மரம். சுற்றளவே ஏறக்குறைய 11 மீட்டர், கிளைகளுக்கெல்லாம் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பொந்தில்தான் ராபின் ஒளிந்தார் என்றார் வழிகாட்டி. மரத்துக்கு வயது 800லிருந்து 1000 என்கிறார்கள். 800 என்றால் அவர் காலத்தில் அது கன்று, ஆள் எப்படி ஒளிவது? பெயரும் ராபினோடு சேர்ந்ததில்லை. 1790இல் அதைப் பற்றி எழுதிய மேஜர் ஹேமன் ரூக் என்பவரால் வந்தது. வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுப்பதற்குள் பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசே ஆறவில்லை.

மறுநாள் நானே காரில் பார்ன்ஸ்டேலில் இருக்கும் 'ராபின் ஹூட் கிணறு' பார்க்கக் கூட்டிப்போனேன். ஏ1 ஓரத்தில் வளைவு வாசல்களோடு சின்னக் கல் மண்டபம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்லைல் பிரபுவுக்காக வான்பிரா என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. 1960களில் சாலையை அகலப்படுத்தியபோது மண்டபத்தை மட்டும் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அப்பா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சருகு, சிப்ஸ் பாக்கெட், நசுங்கிய டின்.

"ஏம்மா, தண்ணி எங்க?"

"ரோட்டுக்கு அடியில போயிருச்சுப்பா."

லாரி இரைச்சலில் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அந்தக் குப்பையை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். பிறகு ஒரு கல்லில் யாரோ செதுக்கியிருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அன்று அங்கே வேறு ஒருத்தர்கூட வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். திரும்பும் வழியில் ஒரு ஊரில் பொதுக் கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடித்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள். கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கிற நாட்டில் வயசானவர்கள் எங்கே போவார்கள்? பெற்றோரைக் கூட்டிவருகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் டெர்பிஷரில் ஹாதர்சேஜ் போங்கள். அங்கே தேவாலய வளாகத்தில் ராபினின் கூட்டாளி லிட்டில் ஜான் கல்லறை என்று ஒன்று, சுமார் 4 மீட்டர் நீளம். பக்கத்து ஸ்டானேஜ் பாறைத்தொடரில் ராபின் ஹூட் குகையும் உண்டு. யார்க்‌ஷரில் கர்க்லீஸ் என்ற இடத்தில் ராபின் ஹூட் கல்லறை என்று சொல்லப்படுவது தனியார் நிலத்தில், நினைத்தவுடன் போக முடியாது. ரயில் பாதை போட வந்த தொழிலாளிகள் பல்வலிக்கு மருந்தென்று அந்தக் கல்லையே பெயர்த்தெடுத்தார்களாம். ராபின் ஹூட்ஸ் பே என்ற கடற்கரை ஊர் அழகுதான். ஆனால் பெயரைத் தவிர அவரோடு அதை இணைக்க ஆதாரம் கிடையாது.

கிணற்றுக்குப் போனால், தெற்கு நோக்கிப் போகும் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்தலாம். வடக்கே போகிறவர்கள் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். கையில் ஒரு காலிப் பை எடுத்துப் போங்கள்.