காலிப் பெட்டி திரும்பி வருமா?

கேள்வி: திருப்பூரில் பனியன், டி-ஷர்ட் ஆன்லைனில் விற்கிறோம். அட்டைப் பெட்டியை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினால் குப்பை குறையுமா?

பதில்: எத்தனை பெட்டி திரும்பி வரும் என்று முதலில் பாருங்கள். 100 அனுப்பி 75 திரும்பினால், ஒவ்வொரு நடையிலும் (ஒரு முறை அனுப்புவது) நாலில் ஒன்று தொலைகிறது; ஆக ஒரு பெட்டிக்குச் சராசரி 4 நடைதான். 90 திரும்பினால் 10 நடை, 95 என்றால் 20. "நூறு தடவை தாங்கும்" என்று விற்பவர் சொல்வது பிளாஸ்டிக்கின் உறுதியைப் பற்றி. வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பது வேறு விஷயம்.

200 கிராம் அட்டைப் பெட்டி இருந்த இடத்தில் ஒன்றரைக் கிலோ பிளாஸ்டிக் பெட்டி வந்தால், எடைக்கு எடை ஈடாகவே 8 நடை ஓட வேண்டும். 4 நடையில் தொலைந்தால் நடைக்கு 375 கிராம் பொருள் வீண், அட்டையே தேவலை.

அடுத்து, திரும்பும் செலவு. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். 40×30×25 பெட்டி காலியாக வந்தாலும் 6 கிலோ! வண்டியில் அடைக்கும் இடமும் அதே. 4 செ.மீ. உயரத்துக்கு மடிந்தால் இந்தக் கணக்கு ஒரு கிலோவுக்குள் முடியும்; பெட்டியின் ஒன்றரைக் கிலோ எடைக்கு மட்டும் கட்டினால் போதும். மடியாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

அது சரி, பனியனுக்குப் பெட்டி எதற்கு? உறை போதும். ஃபின்லாந்தின் ரீபேக் நிறுவனம் பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையைத்தான் சுற்றில் விடுகிறது; காலி உறையை மடித்துத் தபால் பெட்டியில் போட்டால் திரும்பிவிடும். அந்த வசதி இல்லாமல் நாடெங்கும் ஒற்றைப் பார்சல் அனுப்புபவருக்கு இது கட்டாது. வாராவாரம் அதே கடைகளுக்குச் சரக்கு போடுகிறீர்களா? அங்கே தொடங்குங்கள்: புதுச் சரக்கை இறக்கும் வண்டியே பழைய உறையை எடுத்து வரட்டும்.

கேள்வி: துணி உறையில் எது முதலில் கெடும்?

பதில்: ஜிப்பும் முகவரி ஒட்டிய இடமும். ஸ்டிக்கரை உரித்தால் பசை நிற்கும், அதன்மேல் தூசி படியும், நாலே நடையில் உறை அழுக்குக் கோலம். வெளிப்பக்கம் கண்ணாடித்தாள் பை தைத்து, முகவரிச் சீட்டை அதில் செருகுங்கள். ஜிப் ரன்னர் உபரியாக வைத்திருங்கள். ரன்னர் போனதற்காக முழு உறையையும் எறிவது அநியாயம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒவ்வொரு நடைக்கும் வெந்நீரில் அலசினால் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அடர்நிறம் வாங்கினால் துடைப்பதும் குறையும்.

கேள்வி: திரும்பப் பெற வழியே இல்லை என்றால்?

பதில்: பெட்டியைச் சரக்கின் அளவுக்குச் சுருக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025 சட்டம், ஆன்லைன் பார்சலில் காலியிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. 2030-ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். குமிழ்த் தாளும் காகிதச் சுருளும் திணித்த இடமும் காலியிடக் கணக்கில்தான் சேரும்.