ரூமுக்குப் பார்சல் வேண்டாம்

கேள்வி: அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு நானும் கணவரும் நண்பர்கள் நான்கு பேரும் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறோம். கோயில், மகால் எல்லாம் இரண்டாம் பட்சம், சாப்பிடத்தான் போகிறோம். ஆளாளுக்குச் சொன்ன கடைகளை எழுதியதில் 23 சேர்ந்துவிட்டது. எதை வெட்டினாலும் சொன்னவருக்குக் கோபம் வருகிறது; வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு பேர் பேசிக்கொள்வதே இல்லை. எங்களில் ஒருவர் முட்டை மட்டும் சாப்பிடுவார், ஒருவருக்குக் காரம் ஆகாது, என் கணவருக்கு மட்டன் இல்லாமல் முடியாது. இரண்டு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் வருகிறார். அவருக்கு 61 வயது. கல்யாணம் ஆகும்வரை மதுரை தெற்கு மாசி வீதியில் இருந்தவர்தான், ஆனால் இந்தக் கடைகள் எல்லாம் அவருக்குத் தெரியாது. ரூமிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பார்சல் வாங்கி வந்துவிடுவோம். இரண்டு நாளுக்கு எந்தெந்தக் கடை என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: கடைகளைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊர்தான் மாறும். ஒருவர் காரைக்குடி என்பார், ஒருவர் கும்பகோணம் என்பார். எல்லாக் கடிதத்திலும் எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு பெரியவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு லாட்ஜ் ரூமில் உட்கார்ந்திருப்பார். ‘அதனாலென்ன, நல்லபடியாகப் போய் வாருங்கள்’ என்று எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

யாருக்கு முட்டை, யாருக்குக் காரம் ஆகாது, யாருக்கு மட்டன் வேண்டும் என்று அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா கறி சாப்பிடுவாரா மாட்டாரா? சர்க்கரை உண்டா? பரோட்டாவைக் கடிக்கப் பல் இடம் கொடுக்குமா? ஒரு வார்த்தை இல்லை. நண்பரின் நாக்கு தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்கு ‘பார்சல்’. அதுவும் என்ன பார்சல் என்றுகூட இல்லை. எது கிடைக்கிறதோ அது, அப்படித்தானே?

ரூமிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாராம். சொல்லத்தான் செய்வார். ‘அம்மா, நீயும் வந்தால் பையனை யார் பார்த்துக்கொள்வது?’ என்ற முகத்தோடு எதிரில் நின்றால், எந்த அம்மாதான் ‘எனக்கும் கறிதோசை வேண்டும்’ என்பாள்? ‘வருகிறாயா’ என்று நீங்கள் அவரைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் சொன்ன பதில் மட்டும்தான் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே அவர் வேலை முடிவாகிவிட்டது.

அடுத்த வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தெற்கு மாசி வீதியில் வளர்ந்தவருக்கு இந்தக் கடைகள் தெரியாது என்கிறீர்கள். எப்படித் தெரியாமல் போகும் என்று யோசித்தீர்களா? ஜிகர்தண்டாவுக்குப் போகிற விளக்குத்தூண் தெற்கு மாசி வீதியிலிருந்து நடக்கிற தூரம். கறிதோசைக்குப் போகிற சிம்மக்கல் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்கு 61 வயது என்றால், அவர் தாவணி போட்டுத் திரிந்தது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும். அந்தக் காலத்தில் வீட்டு ஆண்பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குப் போய் முட்டையும் சுக்காவும் போட்ட தோசையைக் கடை வாசலில் நின்றே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வயசுப் பெண் அங்கே போய் உட்கார முடியுமா? அப்பாவோ அண்ணனோ மனசு வைத்தால் இலையில் மடித்து, நூல் சுற்றி, வீட்டுக்கு வரும். ஆறிப்போய் வரும். தன் சொந்த ஊரையே பார்சலில் சாப்பிட்ட தலைமுறை அது. மதுரைக்காரப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நாற்பது வருஷம் கழித்து மகள் அவரை அதே ஊருக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறாள். கையில் சம்பளம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. போயும் என்ன? மறுபடி பார்சல்! அம்மா தாயே, இதை எழுதும்போது உங்களுக்குக் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா?

என் கட்சி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரனைத் தூக்கிக் கொஞ்சுவது பாட்டியின் ஆசை. அவனைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்களின் கடமை. தினமும் நீங்கள் இருவரும் ஆபீஸ் போகும்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும். வாரத்தில் ஐந்து நாள் செய்கிறவருக்குச் சனி, ஞாயிறும் அதே வேலையை ஊர் மாற்றிக் கொடுத்துவிட்டு, ‘அம்மாவையும் கூட்டிப் போனோம்’ என்று போட்டோ போடுவது நியாயமில்லை. அம்மாவை உடன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நல்ல விஷயம். வைத்துக்கொள்வது என்றால் அவரிடம் வேலை வாங்குவது மட்டுமா?

உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. மட்டன் இல்லாமல் முடியாதவருக்கு மகனை ஒரு மணி நேரம் இடுப்பில் வைத்துக்கொள்ள முடியாதா? ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோசையைப் பிய்த்துத் தின்கிற அப்பாக்கள் மதுரையில் ராத்திரி தெருவுக்குத் தெரு உண்டு. பழகிக்கொள்ளட்டும்.

சரி, கடைகளுக்கு வருவோம். 23ஐ நான் வெட்டித் தருகிறேன். பழியை என் மேல் போடுங்கள். முதலில், சென்னையில் கிடைப்பதை எல்லாம் அடியுங்கள். முருகன் இட்லிக் கடை பிறந்தது மதுரைதான், ஆனால் தி.நகரிலும் பெசன்ட் நகரிலும் கிளை இருக்கிறதே, அதற்கு எதற்கு ரயில்? அடுத்து, ஒரே ராத்திரியில் கறிதோசை, பன் பரோட்டா இரண்டும் என்று எழுதியிருக்கும் ஆசாமியை நம்பாதீர்கள். அவர் சாப்பிட்டுவிட்டுச் சொல்லவில்லை, வீடியோ பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனால் விடியும் முன்னே இறங்கிவிடலாம். ரூமை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் எடுங்கள். ஸ்டேஷனும் பக்கம், கோயிலும் நடை தூரம். அப்புறம் காபி. குளித்துவிட்டு ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் பிரேமா விலாஸ். அல்வாவைச் சூடாகக் கையில் வாங்கும்போது நெய் இலையில் இறங்கி விரலுக்கு வரும். அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். ஊருக்கு வாங்கிப் போவது வேறு கணக்கு.

மதியத்துக்கு வைகையைத் தாண்டித் தல்லாகுளம். அம்மா மெஸ், சந்திரன் மெஸ் இரண்டும் அந்தப் பக்கம்தான், ஒன்று போதும். அயிரை மீன் குழம்பு கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்த பிறகுதான் குழம்புக்குப் போகும்; தலையோடு முள்ளோடு அப்படியே தின்ன வேண்டியது. காரம் ஆகாதவர் நண்டு ஆம்லெட்டைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும், முட்டைக்காரர் முட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அம்மா சைவம் என்றால் இந்த மதியத்தையே மாற்றுங்கள். மட்டன் ராத்திரி வரை காத்திருக்கும், ஒன்றும் கெட்டுவிடாது. சாப்பிட்டு வந்து எல்லாரும் தூங்குங்கள். மத்தியானம் கோயில் நடையும் சாத்தியிருக்கும், பையனுக்கும் தூக்கம் வேண்டும்.

சாயங்காலம்தான் உண்மையான மதுரை. மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று இருக்கும். பக்கத்தில் வைக்கிற மிளகாய்ச் சட்னி காதைப் பிடித்து இழுக்கும். உங்கள் அம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற கடை. அவருக்குத் தெரியாமல் இருக்காது என்று நான் பந்தயம் கட்டுகிறேன். அங்கிருந்து நடந்தால் தெருவோரத்தில் முள்முருங்கை வடை. இலையை அரைத்து மாவில் சேர்த்துப் பச்சையாகத் தட்டி, எண்ணெயிலிருந்து எடுத்ததும் மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். தள்ளுவண்டியில் பருத்திப்பாலும் கிடைக்கும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. பையனுக்கு ஊதி ஊதி இரண்டு வாய் கொடுக்கலாம்.

அப்புறம் விளக்குத்தூண் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சர்க்கரை இருக்கிறவர்கள் இரண்டு மடக்கோடு டம்ளரை அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டியது. அதனால்தான் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டேன்.

ராத்திரி சிம்மக்கல் கோனார் கடை. இதற்குத்தான் இத்தனை திட்டும். தோசைக்கல்லில் கனமாக மாவை ஊற்றி, மேலே முட்டையைப் பரப்பி, அதன்மேல் குழம்போடு கொத்துக்கறியை வைத்துத் திருப்பிப் போடுவார்கள். அடியில் கறி தீய்ந்து கல்லோடு ஒட்டிச் சுரண்டும் சத்தம் கேட்கும். தட்டுக்கு வந்த ஐந்து நிமிஷத்தில் அதன் ஆயுள் முடிந்தது. பார்சல் கட்டினால் உள் வேர்வையில் நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். ஆட்டோவில் ரூமுக்குப் போய்ச் சேரும்போது வேறு பண்டம். அம்மா கறி சாப்பிடுகிறவர் என்றால் இந்தக் கடையில் அவருக்கு உட்கார இடம் பிடித்துவிட்டுத்தான் மற்றவர்கள் உட்கார வேண்டும். சைவமாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி நீங்கள் அவரோடு மாசி வீதியில் இட்லிக்குப் போங்கள்; கறிதோசைக்குக் கணவர் நண்பர்களோடு போகட்டும், பையனையும் தூக்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு கடையும் சொல்லப் போவதில்லை. அன்று பட்டியல் போட வேண்டியவர் உங்கள் அம்மா. காமராஜர் சாலைப் பக்கம் சௌராஷ்டிரக்காரர்களின் புளியோதரைக்குக் கூட்டிப் போகலாம்; நீங்கள் கேள்விப்படாத ஒரு சந்துக்குள் புகுந்து, இருந்த கடை இல்லாமல் போய் வெறும் ஷட்டரைப் பார்த்துவிட்டும் திரும்பலாம். போகட்டும். தெற்கு மாசி வீதியில் அவர் வீடு இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். யாராவது பழைய ஆள் அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டால் போய் உட்காருங்கள். அங்கே கொடுக்கிற காபிக்காக உங்கள் பட்டியலில் இரண்டு கடை விட்டுப்போனால் போகட்டும்.

இன்றைக்கே அம்மாவிடம் போய், ‘உனக்கு மதுரையில் என்ன சாப்பிட வேண்டும்’ என்று கேளுங்கள். முதல் தடவை ‘எனக்கென்ன, எதுவானாலும் சரி’ என்பார். விடாதீர்கள்.

குரூப் சண்டை ஒரு பெரிய விஷயமில்லை. நான் சொன்னது போக, ஆளுக்கு ஒரு கடை சொல்லட்டும். எல்லாரும் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. தன் கடையை வெட்டிவிட்டார்கள் என்று இன்னும் யாராவது முறைத்துக்கொண்டிருந்தால், சனிக்கிழமை ராத்திரி பையனோடு ரூமில் இருக்கும் முறையை அவருக்குக் கொடுங்கள். பார்சல் வாங்கி வருவதாகவும் சொல்லுங்கள்.