பெடல் வேகத்தில் ஜிம் றீவ்ஸ்

வணக்கம் ஐயா,

ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு பாட்டு அல்பம் புதிதாக வாங்குவது அப்பா தொடக்கி வைத்த வழக்கம். அவர் காலமான பிறகு நான் இறுவட்டாக வாங்கிச் சேர்க்கிறேன், 23 ஆகிவிட்டது. அவருடைய கசற்றுகள் ஒரு தகரப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. "எல்லாம் போனிலேயே கிடக்குது, பிறகேன் காசைக் கொட்டுறீங்கள்?" என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்த நத்தார் இசை எது? இந்த வருடம் எதைச் சேர்க்கலாம்?

ஒரு வாசகி, பாசையூர்

அன்பின் தங்கச்சிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சைவக்காரன். நத்தார்ப் பாட்டில் எனக்கு வாய்த்ததெல்லாம் வேலிக்கு அங்காலே இருந்து கேட்டதுதான். மார்கழியில் எங்கள் ஒழுங்கையால் இரண்டு கூட்டம் போகும். முன்னிரவில் டொல்கியும் கைதட்டலுமாகக் கரோல்காரர். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவைக்காரர். இரண்டுக்கும் நடுவில் நித்திரை இல்லாமல் போனது ஒழுங்கை நாய்களுக்குத்தான்.

பிடித்தது எது என்றால் யோசிக்கவே வேண்டாம், அமெரிக்கப் பாடகர் ஜிம் றீவ்ஸ். 1963இல் வந்த அவருடைய நத்தார் அல்பத்தில் பன்னிரண்டே பாட்டு. முதற் பக்கம் சறுக்குவண்டியும் நத்தார் தாத்தாவுமாகத் துள்ளும். மற்றப் பக்கம் போகப் போக அடங்கி 'சைலன்ற் நைற்'றில் முடியும். அடுத்த ஜூலையிலேயே அவர் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தத் தட்டு வெளிவந்த பிறகு அவர் கண்டது ஒரேயொரு நத்தார். டெக்சாஸ்காரர் ஒருவரை இலங்கை முழுதும் இப்படித் தத்தெடுத்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு என்னுடைய விளக்கம் இது: அவருக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் முழுதாக வந்து விழும். வாத்தியாரிடம் விளங்காத இங்கிலீஷ் எனக்கு அவரிடம் விளங்கியது.

ஆனால் நான் கேட்டது உண்மையான ஜிம் றீவ்ஸை அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் யுத்தகாலம், கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. பக்கத்து வீட்டு அண்ணர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவிலிருந்து கசற் பிளேயருக்கு வயர் இழுத்திருப்பார். பெடலைக் கையால் சுற்றுவது எங்கள் முறை. கை களைத்தால் குரல் கிணற்றுக்குள் இறங்கும்; அண்ணர் முறைத்தால் மேலே ஏறும். ஜாம் போத்தல் விளக்கடியில் அப்படித்தான் அந்தப் பன்னிரண்டையும் பாடமாக்கினேன். கனகாலம் கழித்துக் கொழும்பில் இறுவட்டில் கேட்டபோது, யாரோ வேறு ஆள் பாடுகிற மாதிரி இருந்தது. இன்றைக்கும் சரியான வேகம் எனக்குக் கொஞ்சம் பிழையாகத்தான் படுகிறது.

(அந்த அல்பத்திலேயே 'வைற் கிறிஸ்மஸ்' இருக்கிறது, வெண்பனி பெய்யும் நத்தாருக்கு ஏங்குகிற பாட்டு. வெண்பனி என்றால் விடியப்புறம் பூசணி இலையில் நிற்குமே, அதுவென்றே நினைத்திருந்தேன். அதற்கு ஏன் இவ்வளவு ஏக்கம் என்று விளங்கவில்லை. பிங் குறொஸ்பி 1942இல் பாடிய மூலப்பதிவு, பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்து, 1947இல் அவர் திரும்பப் பாட வேண்டி வந்ததாம். இப்போது நாங்கள் அதிகம் கேட்பது அந்த இரண்டாவதைத்தான்.)

இனி உங்கள் கேள்வி. 23 தட்டிலும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். சுற்றிச் சுற்றி நாற்பதுக்கு மேல் தேறாது என்று பந்தயம் கட்டுவேன். ஆகவே புதுப் பாட்டைத் தேட வேண்டாம், குரலைத் தேடுங்கள். 'மேரிஸ் போய் சைல்ட்' என்ற ஒரு பாட்டையே எடுங்கள். எழுதியவர் ஜெஸ்ரர் ஹேர்ஸ்ரன், அடிமைகளாய் இருந்தவர்களின் பேரன். 1956இல் ஹரி பெலபொன்ரே பாடியதில் ஒரு தாய் தொட்டிலருகே இருக்கிறாள். ஜிம் றீவ்ஸ் பாடியதில் தகப்பன் திண்ணையில் இருந்து கதை சொல்கிறார். 1978இல் பொனி எம் குழு வந்து எல்லாரையும் முற்றத்தில் இறக்கி ஆடவைத்துவிட்டார்கள். நத்தார் மத்தியானம் ஒலிபெருக்கிக்கு அது சரி. இருந்து கேட்க என்னால் முடியாது. உங்களிடம் பெலபொன்ரே இல்லையென்றால் 1958இல் வந்த அவருடைய நத்தார் அல்பத்தை வாங்குங்கள். அமெரிக்க பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சனும் இல்லையென்றால் அடுத்த வருடத்துக்கு அவர்.

தமிழில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. 'ஒப்பில்லா திரு இரா' உங்களுக்குத் தெரிந்திருக்கும், 'சைலன்ற் நைற்'றின் தமிழ் வடிவம். 1818இல் ஒஸ்ரியாவின் ஓபர்ன்டோர்ஃப் கிராமத்தில் கிற்றாரோடு பிறந்த மெட்டு. அருமையான மெட்டு, ஆனால் 'திரு'வின் குறில் 'தீ'யாக நீளாமல் அதற்குள் இருக்காது. 1816இல் அமெரிக்க மிசனறிமார் யாழ்ப்பாணம் வந்த நாளிலிருந்து எங்கள் ஊர்ச் சபைகள் இந்த இழுபறியைப் பாடித்தான் வந்திருக்கின்றன. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழிக் கீர்த்தனைகளில் அந்தத் தொல்லை இல்லை. சொல்லுக்குத்தான் தாளம் வளையும். மிருதங்கமும் வயலினும் வைத்துப் பாடிய கீர்த்தனைத் தொகுப்பு ஒன்று எப்படியும் உங்கள் அலுமாரியில் இருக்கவேண்டும். கீபோட்டில் மணிச்சத்தப் பொத்தானை அமத்திவிட்டு நேற்றுப் பதிவுசெய்ததை யாராவது தந்தால், நன்றி சொல்லி வாங்கி ஒளிவிழாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மகனுக்கு நான் பதில் சொல்வதைவிட அந்தத் தகரப் பெட்டி சொல்லட்டும். பூஞ்சணம் பிடித்த கசற்றை நல்ல பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டிவிடும். மாரி முடியட்டும். காற்றாட நிழலில் உலர்த்தி, பழைய பிளேயர் ஒன்றில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒருதரம் முழுதாக ஓடவிட்ட பிறகு பாடவையுங்கள். ஆனால் சுற்ற முதல், ஒவ்வொன்றிலும் நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள். அப்பா கடைசியாக நிற்பாட்டிய இடம் அது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு சுற்றட்டும்.