நான்கு மேதைகளை முன்களத்தில் நிறுத்தும் அணியை எப்படித் தடுப்பது?

எல்லாக் காலத்துச் சிறந்தவர்களும் ஆடும் கற்பனைக் கால்பந்தாட்டத்தில் பெலே, நெதர்லாந்தின் க்ரைஃப், மரடோனா, மெஸ்ஸி நால்வரும் முன்களத்தில் நின்றால், எதிரணி அவர்களை எப்படித் தடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கொரு காவலரை ஒட்டவைப்பதே பலரும் சொல்லும் விடை. நான் அதை ஏற்க மாட்டேன்.

1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், இத்தாலியின் இடப்புறப் பின்கள வீரர் ஃபாக்கெட்டி தம் பொறுப்பிலிருந்த பிரேசில் வீரர் ஜைர்சின்யோவைப் பின்தொடர்ந்து உள்ளே போனதால் அந்த ஓரம் முழுவதும் காலியானது. பெலே நிதானமாக உருட்டிவிட்ட பந்தை, அவ்வழியே ஓடிவந்த கார்லோஸ் அல்பெர்ட்டோ பிரேசிலின் நான்காவது கோலாக்கினார். 1986 இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனி மரடோனாவைக் கோலடிக்க விடவில்லைதான். ஆனால் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அவர் தட்டிக்கொடுத்த ஒரு பந்தில் சக வீரர் புருச்சாகா வெற்றி கோலை அடித்துவிட்டார். இத்தகையவரிடம் ஒட்டி நிற்கும் காவலரே அவருக்கு வழிதிறக்கும் கருவியாகிவிடுகிறார்.

ஆகவே 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற, பயிற்சியாளர் சாக்கியின் மிலான் அணி ஆடிய முறையையே தேர்ந்தெடுப்பேன். ஆளை அல்ல, இடத்தைக் காக்க வேண்டும். அந்த அணியின் பின்கள வீரர் பரேசியின் தலைமையில் பின்வரிசை முன்னேறி நிற்க, நடுக்களம் அதற்கு நெருக்கமாக நின்றால், அந்த நால்வரும் விரும்பும் இடைவெளி சுருங்கும். 2009 மே 2 அன்று பார்சிலோனாவின் மெஸ்ஸி நடுமுன்கள இடத்திலிருந்து பின்வாங்கி ஆடியபோது, யாரைக் காப்பது என்று தெரியாமல் ரியல் மாட்ரிட்டின் பின்களம் தடுமாறி, சொந்த மைதானத்திலேயே 2-6 என்று தோற்றது. பின்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடைப்பட்ட அந்த இடத்தில்தான் நெதர்லாந்தின் ரைக்கார்டை நிறுத்துவேன். அவருக்குத் துணையாக, ஓயாமல் ஓடும் நெதர்லாந்து நடுக்கள வீரர் நேஸ்கென்ஸ்.

அந்த நால்வர் அணிக்கும் ஒரு குறை உண்டு. க்ரைஃப், மரடோனா, மெஸ்ஸி மூவரும் பந்துக்காக ஒரே பகுதிக்கே இறங்கி வருவார்கள். பின்வரிசைக்கு அப்பால் பாய்வதற்குப் பெலே ஒருவரே மிஞ்சுவார். பந்தை மீட்டுத் தருவது யார்? 1986இல் மரடோனாவுக்குப் பின்னால் பாட்டிஸ்டா, என்ரிக்கே, ஜுஸ்டி ஆகியோர் உழைத்தார்கள். நான் அவர்களின் பயிற்சியாளராக இருந்தால், மனம் வலித்தாலும் மெஸ்ஸியை வெளியே அமர்த்தி, வலப்புறக் கோட்டை ஒட்டி ஆடும் பிரேசிலின் கரிஞ்சாவைக் கொண்டுவருவேன். அவர் அங்கே நின்றாலே எந்தப் பின்வரிசையும் அகலமாக விரிய வேண்டியிருக்கும். பெலேயும் அவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை.

எந்தக் காலத்து விதிகள் என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். 1992க்கு முந்தைய விதியானால், நெருக்கப்படும் பின்கள வீரர் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிக் கோல்காப்பாளரின் கையில் சேர்த்துவிடலாம். என் அணியின் நெருக்குதல் பாதி வீணாகும். அதைத் தடுக்கும் புதிய விதியானால், காலாலும் திறமையாக ஆடும் ஜெர்மானியர் நோயரைக் கோல்காப்பாளராக்கி, என் அணியே வெல்லும் என்று உறுதியாக வாதிடுவேன்.