ஆடியோவை ஏஐ சுத்தம் செய்துவிட்டால், சவுண்ட் படிக்கும் பிள்ளைக்கு என்ன வேலை?

உங்கள் மகன் வீடியோ எடிட்டிங், சவுண்ட் என்று போக ஆசைப்படுகிறான். ஒரு பட்டனைத் தட்டினால் ஏஐ ஆடியோவைச் சரிசெய்துவிடும் இந்தக் காலத்தில் அவனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறிச் சத்தத்தையும் ஏசி இரைச்சலையும் எடுத்துக்கொடுப்பது மட்டுமே ஒருவருடைய தொழில் என்றால், அந்த வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது. அடோபி பாட்காஸ்டின் என்ஹான்ஸ் ஸ்பீச், டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவின் வாய்ஸ் ஐசொலேஷன், டிஸ்கிரிப்டின் ஸ்டுடியோ சவுண்ட் போன்ற ஏஐ வசதிகள் எல்லாம் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. அதை மட்டும் நம்பி அவன் இந்தத் துறைக்கு வர வேண்டாம்.

ஆனால் கருவி கொடுத்ததை அப்படியே ஏற்பதா, பாதியாகக் குறைப்பதா, தூக்கிப்போடுவதா என்று முடிவுசெய்ய ஒரு காது வேண்டும். சம்பளம் அந்தக் காதுக்குத்தான். பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் கடைசிப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்குழுவின் பாடகர் ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் கேசட்டில் பாடி வைத்தது. 1990களில் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்று, குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். பிறகு இயந்திரக் கற்றல் அந்தக் குரலைத் தனியே பிரித்துக்கொடுத்தது. 2023இல் பாடல் வெளியானது. குரல் கிடைத்த பிறகுதான் மனிதர்களின் வேலை ஆரம்பித்தது. புதிதாக வாசித்து, நரம்பிசை சேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று மிக்ஸ் செய்தது அவர்கள்தான்.

இந்தக் கருவிகள் தவறும் இடத்தை அவனே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சின்னப் பயிற்சி போதும். மின்விசிறி ஓடும் அறையில் ஒரே பத்தியை மூன்று முறை படித்துப் பதிவு செய்யட்டும்: வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கை நீட்டும் தூரத்தில், அறையின் மறு கோடியில். மூன்றையும் ஒரே ஏஐ கருவியில் போட்டு, ஹெட்போனில் கேட்கட்டும். முதலாவது அழகாக வந்துவிடும். மூன்றாவதில் இரைச்சல் போயிருக்கும், கூடவே வாக்கியம் முடியும் இடத்தில் குரல் தாழும் ‘-து’, ‘-கள்’ போன்ற ஒலிகளும் காணாமல் போயிருக்கலாம். சில கருவிகள் குரலை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. தேய்ந்துபோன இடத்தை ஊகித்துப் புதிதாக உருவாக்குகின்றன. அப்போது ழகரம் வேறாகக் கேட்கலாம், பேசியவர் சொல்லாத ஓர் எழுத்துகூட வந்து உட்காரலாம். நேர்காணலிலோ ஆவணப்படத்திலோ அது சாதாரணத் தவறு கிடையாது.

அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில், இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்து, ரெசிட்யூ என்ற தேர்வைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏஐ இல்லாத பழைய முறைதான். ஆனால் நீக்கப்பட்டதை மட்டும் தனியாகக் கேட்கலாம். அதில் வெறும் இரைச்சலுக்குப் பதில் பேச்சின் துண்டுகளும் கேட்டால், அளவுக்கு மீறி வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். காது பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

படிப்பைப் பற்றி. கல்லூரியையோ பயிற்சி மையத்தையோ பார்க்கப் போகும்போது, என்ன மென்பொருள் சொல்லித்தருகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்; மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். மாணவர்கள் மைக்கோடு வெளியே போய்ப் பதிவு செய்கிறார்களா, அவர்கள் செய்த மிக்ஸை ஆசிரியர் உட்கார்ந்து கேட்டுத் திருத்துகிறாரா என்று கேளுங்கள். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) ஏன் பதிவு செய்கிறோம், ஐரோப்பிய ஒளிபரப்பு அளவான மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ்ஸில் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) மிக்ஸ் செய்த ஒன்றை, ஏறத்தாழ மைனஸ் 14ஐ ஒட்டி ஓடும் யூடியூபில் போட்டால் ஏன் சத்தம் குறைவாகக் கேட்கிறது என்பதெல்லாம் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். படப்பிடிப்பு இடத்தில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியைப் பதிவு செய்யும் பழக்கமும் வேண்டும். ஏஐ வழித்தெடுத்த வெறுமையை நிரப்ப அந்த அரை நிமிடம்தான் கைகொடுக்கும்.

படப்பிடிப்பு ஒலிப்பதிவு, வசன எடிட்டிங், டப்பிங், பாட்காஸ்ட், இணையவழிப் பாடங்கள், வீடியோ கேம் என்று வழிகள் பல இருக்கின்றன. தொடக்கத்தில் பெரும்பாலும் தனித்தனி வேலைகளாகத்தான் வரும், மாதச் சம்பளம் உடனே அமையாமல் போகலாம். அதற்கு நீங்கள் மனதளவில் தயாராக இருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இப்போதே கண்டிப்பாக இருங்கள். வாடிக்கையாளரின் பதிவை அவரிடம் கேட்காமல் இணையக் கருவியில் ஏற்றக் கூடாது. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒருவரின் குரலை நகலெடுத்து, அவர் பேசாததைப் பேச வைக்கவே கூடாது. ஒருமுறை நம்பிக்கை போனால், இந்தத் துறையில் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

இந்த விடுமுறையில் மூன்று சின்ன வீடியோக்களுக்கு அவன் ஒலி அமைக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூலப் பதிவு, ஏஐ மட்டும் தொட்ட பதிவு, அவன் முடித்த பதிவு என மூன்று கோப்புகளை வைத்து, எங்கே கருவியைக் குறைத்தான், ஏன் குறைத்தான் என்று நாலு வரி எழுதி என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றைக் கேட்டுவிட்டு, எந்தப் படிப்பு பொருந்தும் என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.